உஷார்! செருப்பு தானாக நழுவுகிறதா?

தடுப்பூசி போட்டு இரண்டு வாரம் இருக்கும். பெரியப்பாவின் வலது கால் ரப்பர் செருப்பு வாசலிலேயே கழன்று கிடந்தது. அது தெரியாமல் அவர் தெருமுனைக் கடை வரை போய்விட்டார். மறுநாள் இரண்டு பாதத்திலும் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். "ஊசி போட்ட அசதி, வயசும் ஆச்சு" என்று வீடே சேர்ந்து தீர்ப்புச் சொல்லி, தைலம் தேய்த்துவிட்டோம். மூன்றாம் நாள் கழிப்பறையில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. ஐந்தாம் நாள் குடித்த காபி மூக்கு வழியாக வந்தது. அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வீணாக்கிய அந்த ஐந்து நாளை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வந்தது கில்லன் பாரே நோய். டாக்டர்கள் ஜி.பி.எஸ். என்பார்கள். கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாமல் நம் நரம்பையும் அதன் மேலுறையையும் அடித்துவிடுகிறது. சொந்த வீட்டுக்காரனையே திருடன் என்று அடிப்பது போல.

இது எப்படி நேரும் என்பதற்கு ஒரு பழைய பாடம் நம் குன்னூரிலேயே உண்டு. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நாய்க்கடி என்றதும் தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசிதான் ஞாபகம் வரும். டேவிட் செம்பிள் 1911-ல் கசௌலியில் உருவாக்கிய மருந்து அது. வெறிநோய்க் கிருமி ஏற்றிய ஆட்டு மூளையிலிருந்து தயாரிப்பார்கள். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் அதுதான் தயாரானது. ஆட்டு நரம்பின் உறைக்கும் நம் நரம்பின் உறைக்கும் சாயல் ஒன்றுதான். ஊசியில் வந்த ஆட்டு உறையை எதிர்க்கப் பழகிய உடம்பு, சிலருக்குச் சொந்த உறையின் மேலேயே பாய்ந்தது. கால் விழுந்தவர்கள் உண்டு, மூளை வீங்கியவர்கள் உண்டு. 2004 கடைசியில் இந்தியா அதை ஒழித்துக்கட்டியது. இன்றைய நாய்க்கடி ஊசியில் ஆட்டு மூளை கிடையாது; கையில்தான் போடுகிறார்கள். தொப்புள் ஊசிக்குப் பயந்து கடியை மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்களே, அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வெறிநோய் முற்றினால் பிழைப்பது அரிதிலும் அரிது.

மூளைத் திசு இல்லாத ஊசிகளுக்குப் பிறகும் ஜி.பி.எஸ். மிக அபூர்வமாக வருவதுண்டு. 1976-ல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சலுக்காகச் சுமார் 4.5 கோடிப் பேருக்கு ஊசி போட்டார்கள். லட்சத்தில் ஒருவர் என்ற கணக்கில் ஜி.பி.எஸ். கூடியதும் அந்த டிசம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள். 2021-ல் ஜான்சன் கொரோனா ஊசிக்கும், நாம் கோவிஷீல்டு என்று போட்டுக்கொண்டோமே, அந்த அஸ்ட்ராஜெனகா ஊசிக்கும் இந்த எச்சரிக்கை சேர்ந்தது. இங்கிலாந்தில் கணக்கெடுத்தபோது, அஸ்ட்ராஜெனகா ஊசிக்குப் பின் ஒரு கோடிப் பேருக்கு 38 பேர் கூடுதலாகப் பாதிக்கப்பட்டது தெரிந்தது. கொரோனாவே வந்தவர்களில் அது 145. ஆகவே ஊசி வேண்டாம் என்று யாரும் இதைப் பிடித்துக்கொண்டு கிளம்பாதீர்கள்.

வயிற்றுப்போக்குக் கிருமியும் இதைக் கிளப்பும். 2025 ஜனவரியில் புனேயில் கொத்துக்கொத்தாக வந்தது அப்படித்தான். பெரியப்பாவுக்கும் அந்த மாதம் வயிற்றுப்போக்கு இருந்தது. ஊசியா, வயிறா என்று டாக்டராலேயே அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. காரணத்தை அப்புறம் தேடிக்கொள்ளலாம், முதலில் ஆளைப் பாருங்கள்.

ஊசி போட்ட இடத்தில் வலி, ஒருநாள் காய்ச்சல் இதெல்லாம் சகஜம். பயப்பட வேண்டியது வேறு. ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள், இரண்டு காலிலும் மதமதப்போ பலவீனமோ தொடங்கி மேலே ஏறுகிறதா? பஸ் படி ஏற முடியவில்லையா? சட்டைப் பொத்தான் போட வரவில்லையா? முகம் தொங்குகிறதா, விழுங்கும்போது புரையேறுகிறதா? ஒரே மூச்சில் ஒன்று முதல் இருபது வரை எண்ணச் சொல்லுங்கள். பாதியிலேயே மூச்சு முட்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்ச் சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, திடீரென்று பார்வை மங்கினாலோ, புத்தி தடுமாறினாலோ, அதுவும் இதே வகை ஆபத்துதான், காத்திருக்கக் கூடாது.

நரம்பு டாக்டரும் வென்டிலேட்டரும் உள்ள இடத்துக்கே நேராகப் போங்கள். ஐ.வி.ஐ.ஜி. என்ற மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றுவார்கள், அல்லது ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றுவார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். ஜி.பி.எஸ்.ஸுக்கு ஸ்டீராய்டு மாத்திரை பலிக்காது, தைலமும் பலிக்காது. ஊசிச் சீட்டைக் கையில் எடுத்துப் போய்த் தேதியைச் சொல்லுங்கள். போட்ட இடத்திலும், 1800-180-3024 என்ற இலவச எண்ணிலும் பதிவு செய்யுங்கள். இப்படி வந்த தகவல்களை வைத்துத்தான் 1976-லும் 2021-லும் ஆபத்தைக் கண்டுபிடித்தார்கள்.

பெரியப்பா பதினோரு நாள் வென்டிலேட்டரில் கிடந்தார். நாலு மாதம் வாக்கர். இப்போது கடைக்குத் தானே போய் வருகிறார், குதிகாலில் வார் வைத்த செருப்புப் போட்டுக்கொண்டு.