மாடிப்படியில் அடுக்கிய சரக்கு

குண்டு வெடித்தால் ஒரு கட்டடம் என்ன ஆகும் என்பதை இன்று கணினியிலேயே ஒத்திகை பார்த்துவிடலாம். எந்தத் தூண் முறியும், எந்தக் கண்ணாடி சிதறும், புகை எவ்வளவு நேரத்தில் மாடியை நிறைக்கும், எந்த வாசலில் ஆட்கள் நெரிபடுவார்கள் என்றெல்லாம் மென்பொருள் கணக்கிட்டுச் சொல்லும். 1995இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகர வெடிப்பில் இறந்த 168 பேரில் பெரும்பாலோரைக் கொன்றது சரிந்து விழுந்த கட்டடம்தான். அதனால்தான் தூண் கணக்குக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துக்கு இது எதற்கு? பத்மநாபசுவாமி கோயில் பக்கத்தில்தான். கோயிலுக்கு ஆயுதக் காவல் உண்டு. கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நெருக்கிக்கொண்டு நிற்கும் கடைகளுக்கு அவரவர் ஷட்டர்தான் காவல். தீவிரவாதி இங்கே வராமலே போகலாம். மின்கசிவுத் தீ வரும். இரண்டுக்கும் வெளியேறும் வழி ஒன்றே.

டெல்லி உபகார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று 59 பேர் இறந்தார்கள். கீழ்த்தள மின்மாற்றியில் பிடித்த தீ. ஆட்களைக் கொன்றதோ பால்கனிக்கு ஏறிய புகை. கூடுதல் நாற்காலி போட்டு அங்கே வழியைக் குறுக்கியிருந்தார்கள்.

கணினி நம்புவது நாம் கொடுக்கும் வரைபடத்தை. அதில் மாடிப்படி காலியாக இருக்கும். நேரில் பார்த்தால் பிளாஸ்டிக் குடமும் துணி மூட்டையும். ஓணக் கூட்டத்தையும் கிட்டங்கிச் சரக்கையும் சேர்க்காமல் ஓட்டிய ஒத்திகை, எல்லோரும் பத்திரமாக இறங்கிவிட்டதாகவே காட்டும். ஒத்திகை அறிக்கையை யாராவது நீட்டினால், எந்த நாளின் கூட்டத்தை வைத்துக் கணக்கிட்டீர்கள் என்று கேளுங்கள்.

தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி, கட்டடத்துக்குத் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இருக்கிறதா என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். காவல் ஏற்பாட்டின் விவரத்தைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுக்கலாம், அது நியாயம்தான். வாசலை அடைத்த சரக்கில் என்ன ரகசியம்? அதை மாநகராட்சிக்கும் தீயணைப்புத் துறைக்கும் எழுத்தில் புகாராகக் கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள்.

அசம்பாவிதம் நடந்துவிட்டால் மருத்துவச் சான்றையும் முதல் தகவல் அறிக்கையின் நகலையும் பத்திரப்படுத்துங்கள். தீவிரவாத வன்முறையில் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கும் நிரந்தரமாக ஊனமுற்றவருக்கும் மத்திய அரசின் உதவித் திட்டம் இருக்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகலாம்.