பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால்: உடனே செய்ய வேண்டியவை

ஊர் திரும்புவது உங்களுடைய நீண்டநாள் விருப்பம். ஆனால் நலன்புரி முகாமிலோ உறவினர் வீட்டிலோ வளர்ந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போய், அங்கேயே நண்பர்களைத் தேடிக்கொண்ட பிள்ளைக்கு இது இன்னொரு இடப்பெயர்வு. புதிய பாடசாலை, அரைகுறையாக நிற்கும் வீடு, நாள் முழுக்கக் காணி துப்புரவாக்கும் அப்பா அம்மா. பெரும்பாலான பிள்ளைகள் மெல்ல மெல்லப் பழகிவிடுவார்கள். சிலரால் முடிவதில்லை.

நித்திரை குழம்புவது, பாடசாலைக்குப் போக மறுப்பது, ஒருவருடனும் கதைக்காமல் ஒதுங்குவது, ஆசையாக வைத்திருந்த பொருட்களைத் தம்பி தங்கைக்குக் கொடுத்துவிடுவது, "நான் இல்லாட்டி உங்களுக்குக் கரைச்சல் இல்லை" என்று சொல்வது, இவற்றைக் கண்டால் "சும்மா வெருட்டுறான்" என்று விட்டுவிடாதீர்கள். தனியாக இருத்தி நேரடியாகவே கேளுங்கள்: "சாகவேணும் எண்டு யோசிக்கிறியா ராசா?" கேட்டால் நாங்களே அந்த எண்ணத்தைக் கொடுத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. மனதில் இருப்பதைச் சொல்ல வழி கிடைத்தது என்ற ஆறுதல்தான் பிள்ளைக்கு வரும். ஏசாதீர்கள், தலையிலடித்துச் சத்தியம் வாங்காதீர்கள். ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

பிள்ளை "ஓம்" என்றால் அது அவசர நிலை. ஒரு நிமிடமும் தனியே விடாமல் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். விடியட்டும் என்று பார்த்திராமல் அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்; அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் காசு இல்லை. அருகில் சிறிய வைத்தியசாலைதான் இருக்கிறதென்றாலும் அங்கேயே போங்கள். தேவையென்றால் அவர்கள் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பி வைப்பார்கள்.

பிள்ளை ஏதாவது குடித்துவிட்டதாகத் தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சவர்க்காரத் தண்ணீர் எதுவும் பருக்க வேண்டாம். அது மூச்சுக்குழாய்க்குள் போய் ஆபத்தைக் கூட்டும். மயக்கமாக இருந்து மூச்சு வந்துகொண்டிருந்தால் இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். போத்தலையோ மருந்து மட்டையையோ கையோடு கொண்டு போங்கள். "இப்ப நல்லாத்தானே இருக்கிறாள்" என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். சில நஞ்சுகள் பல மணி நேரம் கழித்தே வேலையைக் காட்டும்.

பொலிஸ் வழக்கு வரும் என்ற பயத்தில் நேரத்தை வீணாக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டம் 1998 இல் நீக்கப்பட்டுவிட்டது. வைத்தியரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். எதைக் குடித்தது, எத்தனை மணிக்கு என்பது தெரிந்தால்தான் சரியான வைத்தியம் செய்ய முடியும்.

மீள்குடியேறிய பல வீடுகளில் களஞ்சிய அறை கிடையாது. தோட்டத்துக்கு அடிக்கும் கிருமிநாசினி கட்டிலுக்குக் கீழேயோ கூரை இடுக்கிலோ கிடக்கும். 1995 அளவில் உலகிலேயே மிகக் கூடிய தற்கொலை விகிதம் உள்ள நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. கொடிய கிருமிநாசினிகள் ஒவ்வொன்றாகத் தடை செய்யப்பட்ட பின் அந்த விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. சாகும் எண்ணம் அலைபோல் வந்து போவது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாவிட்டால் பிள்ளை தப்பிவிடும். ஆகவே போத்தல்களைப் பூட்டி வையுங்கள், அல்லது தேவையானபோது மட்டும் வாங்கி அன்றே முடித்துவிடுங்கள். அம்மம்மாவின் பிறஷர், சலரோகக் குளிசைகளையும் மறக்க வேண்டாம்.

வைத்தியசாலையிலிருந்து வந்த பிறகான முதல் சில கிழமைகள் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம். மனநலக் கிளினிக் திகதியைத் தவறவிடாதீர்கள். போக்குவரத்துக்கு வழியில்லையென்றால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். பாடசாலையில் ஒரு ஆசிரியருக்காவது விடயம் தெரிந்திருப்பது நல்லது. முழு ஊருக்கும் தெரியத் தேவையில்லை. இடையில் ஆலோசனை வேண்டுமென்றால் 1926 தேசிய மனநல உதவி இலக்கம். பிள்ளையை யாராவது அடிப்பதோ தகாத முறையில் நடத்துவதோ காரணமாக இருந்தால் 1929 சிறுவர் உதவி இலக்கம். பிள்ளை தானாகவும் இந்த இலக்கங்களுக்கு அழைக்கலாம். அவற்றை அதன் கண்ணில் படும் இடத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.