ஓர் உலர்ந்த திராட்சையும் அலையும் மனமும்

மாணவ நண்பர்களே, வீட்டில் உலர்ந்த திராட்சை இருந்தால் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உடனே வாயில் போட்டுவிட வேண்டாம். உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அதில் எத்தனை சுருக்கங்கள்? வெளிச்சம் படும் பக்கம் என்ன நிறம்? படாத பக்கம் என்ன நிறம்? விரல்களால் உருட்டுங்கள். மூக்கருகே கொண்டு போங்கள். வாயில் நீர் ஊறுகிறதா? இன்னும் தின்னவே இல்லையே, எப்படி ஊறியது? இப்போது நாக்கின்மேல் வையுங்கள், கடிக்காதீர்கள். சற்றுப் பொறுத்து ஒரே ஒரு முறை கடியுங்கள். சுவை எங்கே தோன்றி எங்கே பரவுகிறது என்று கவனித்தபடி மென்று விழுங்குங்கள்.

ஒரு திராட்சைக்கு மூன்று நிமிடம் ஆகியிருக்கும். மற்ற நாட்களில் ஒரு கைப்பிடித் திராட்சையை அரை நிமிடத்தில் தின்றுவிட்டு, "அதற்குள் தீர்ந்துவிட்டதா?" என்று கேட்போம். வாய் தின்னும்போது மனம் வேறெங்கோ இருந்ததே காரணம்.

இது வெறும் விளையாட்டு அன்று. அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் உள்ள மருத்துவக் கல்லூரியில் 1979ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு பயிற்சியின் புகழ்பெற்ற முதல் பாடம் இது. அதற்கு வந்தவர்கள் நீண்ட நாள் நோயாளிகள். முதுகுவலி, தலைவலி, நெஞ்சில் படபடப்பு என்று ஆண்டுக்கணக்கில் அல்லல்பட்டவர்கள். மருந்தும் அறுவைச் சிகிச்சையும் அவர்களுக்கு முழுப் பயன் தரவில்லை. "வலியோடு வாழப் பழகிக்கொள்ளுங்கள்" என்பதே அவர்கள் கேட்ட கடைசி அறிவுரை. ஆனால் எப்படிப் பழகுவது? அதைச் சொல்லித்தர ஆள் இல்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடியவர், 2500 ஆண்டுப் பழமையுள்ள ஒரு பௌத்தப் பயிற்சியை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தார்.

பர்மாவிலிருந்து பாரி வரை

அந்தப் பயிற்சியின் பெயர் விபஸ்ஸனா. பாலி மொழிச் சொல். உள்ளதை உள்ளபடி ஊடுருவிப் பார்த்தல் என்பது பொருள். இதற்கு அடிப்படையான இன்னொரு பாலிச் சொல் 'ஸதி'. நம் தமிழில் வழங்கும் 'சதி'யோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்! இது வடமொழியின் 'ஸ்மிருதி'க்கு உறவான சொல். நினைவோடு இருத்தலைக் குறிப்பது. இலங்கையில் அரசுப் பணியில் இருந்தபோது பாலி கற்ற ரைஸ் டேவிட்ஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர், 1881இல் இதை 'மைண்ட்ஃபுல்னஸ்' என்று ஆங்கிலத்தில் பெயர்த்தார். நாம் 'முழுக்கவனம்' என்று சொல்லலாம்.

நெடுங்காலம் இது பெரும்பாலும் துறவிகளின் பயிற்சியாகவே இருந்தது. பர்மாவில், அதாவது இன்றைய மியான்மரில், லெடி சயடோ (1846–1923) என்ற துறவி இதை இல்லறத்தாரிடையேயும் பரப்பினார். அவருக்குப்பின் மஹாசி சயடோ, ரங்கூனில் பெரிய பயிற்சி நிலையத்தை நடத்தினார். மூச்சு விடும்போது வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனிப்பது அவர் முறை. ஊ பா கின் என்பவரோ துறவியே அல்லர். விடுதலை பெற்ற பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயர்!

இவரிடம் 1955இல் ஓர் இளம் வணிகர் வந்தார். பர்மாவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான எஸ்.என்.கோயங்கா. அவருக்குத் தாங்க முடியாத ஒற்றைத் தலைவலி. தலைவலி தீர வேண்டும் என்று மட்டும் வந்தால் சொல்லித்தர இயலாது, இது மனத்தைத் தூய்மையாக்கும் வழி என்று ஊ பா கின் முதலில் மறுத்துவிட்டதாகக் கோயங்காவே பின்னாளில் கூறியுள்ளார். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவோம்.

கோயங்கா 1969இல் இந்தியாவுக்கு வந்து வகுப்புகள் நடத்தினார். புத்த கயாவுக்கு வந்து சேர்ந்த மேலைநாட்டு இளைஞர் பலர் அவரிடமும் மற்ற ஆசிரியர்களிடமும் பயின்றனர். ஜோசஃப் கோல்ட்ஸ்டைன், ஷரன் சால்ஸ்பர்க் ஆகியோர் அவர்களுள் இருவர். தாய்லாந்தில் துறவியாக இருந்து திரும்பிய ஜாக் கார்ன்ஃபீல்டும் அவர்களோடு சேர, மாசசூசெட்ஸில் பாரி என்னும் சிற்றூரில் 1976இல் ஒரு தியான நிலையம் திறக்கப்பட்டது. முன்பு கத்தோலிக்கத் துறவியர் பயிற்சி பெற்ற கட்டடம் அது.

அங்கே 1979இல் இரண்டு வாரம் மௌனமாக அமர்ந்திருந்தவர்களில் ஒருவர் ஜான் கபாட்-ஜின். மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றவர். நோபெல் பரிசு பெற்ற சால்வடார் லூரியாவின் மாணவர். "இங்கே கற்பதை மருத்துவமனை நோயாளிகளுக்கு ஏன் கற்பிக்கக் கூடாது?" என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் உதித்தது.

எட்டு வாரப் பள்ளி

நோயாளிகள் பல மதத்தினர்; மதமே வேண்டாம் என்பவர்களும் உண்டு. ஆகவே கபாட்-ஜின் புத்தர் சிலையையும் ஊதுவத்தியையும் பாலிச் சொற்களையும் விலக்கினார். பயிற்சியை மட்டும் வைத்துக்கொண்டார். எட்டு வாரம், வாரம் ஒரு வகுப்பு, நடுவே ஒரு முழுநாள் மௌனப் பயிற்சி. வீட்டில் வாரத்துக்கு ஆறு நாள், தினமும் சுமார் 45 நிமிடம் வீட்டுப்பாடம்!

என்ன வீட்டுப்பாடம்? மூச்சைக் கவனித்தல். மல்லாந்து படுத்துக் கால் விரல் முதல் உச்சந்தலை வரை ஒவ்வோர் உறுப்பின் உணர்ச்சியையும் வரிசையாகக் கவனித்தல். எளிய யோகாசனங்கள். இவற்றோடு அன்றாட வேலைகளில் ஒன்றை, பல் துலக்குவதையோ பாத்திரம் கழுவுவதையோ, முழுக்கவனத்தோடு செய்தல். காரை ஓட்டிக்கொண்டே வானொலி கேட்டு, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே உணவு உண்ணும் வாழ்க்கைக்கு நடுவே இதைச் செய்ய வேண்டும் என்பதுதான் முக்கியம். காட்டுக்குப் போக வேண்டியதில்லை.

ஒரு பொதுவான தவறான எண்ணத்தை இங்கே நீக்கிவிடுவோம். மனத்தை வெறுமையாக்குவது இதன் நோக்கம் அன்று. மூச்சைக் கவனிக்கிறீர்கள், பத்தாவது விநாடியில் மனம் கிரிக்கெட்டுக்குப் போய்விடுகிறது. "போய்விட்டது" என்று அறிகிறீர்களே, அந்தக் கணமே பயிற்சி. கோபித்துக்கொள்ளாமல் மீண்டும் மூச்சுக்குத் திரும்ப வேண்டும். நூறு முறை போனால் நூறு முறை திரும்ப வேண்டும்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

புலியைக் கண்டால் உடல் என்ன செய்கிறது? மூளை அபாய மணி அடிக்கிறது. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. ஓடித் தப்பிக்க இது தேவை. ஆனால் நாளைய தேர்வை நினைத்தாலும், நேற்றுக் கேட்ட ஏச்சை நினைத்தாலும் அதே மணி அடிக்கிறது. புலி போய்விடும், நினைப்பு போவதில்லை.

நினைப்பு எவ்வளவு நேரம் அலைகிறது? அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், 2250 பேரிடம் கைபேசி வழியாகத் திடீர் திடீரென்று கேட்டார்கள்: "இப்போது என்ன செய்கிறீர்கள்? என்ன நினைக்கிறீர்கள்?" 2010இல் முடிவு வெளியாயிற்று. விழித்திருக்கும் நேரத்தில் கிட்டத்தட்ட 47 சதவீதம், மனம் செய்யும் வேலையில் இல்லை! அப்படி அலையும் நேரங்களில் மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது.

வலிக்கு வருவோம். புத்தர் இரண்டு அம்புகளை உவமையாகச் சொன்னார். உடல்வலி முதல் அம்பு. "ஐயோ, எனக்கு ஏன் இப்படி? இனி என்ன ஆகும்?" என்ற மனத்தவிப்பு இரண்டாம் அம்பு. முதல் அம்பைத் தவிர்க்க முடியாமல் போகலாம். இரண்டாவது நாமே எய்துகொள்வது.

இதை ஆய்வகத்தில் சோதிக்க முடியுமா? 2011இல் அமெரிக்காவில் 15 பேருக்கு நான்கு நாள் மட்டும் பயிற்சி தந்து, தோலில் 49 டிகிரி செல்சியஸ் சூடு வைத்து, மூளையைப் படம் எடுத்தார்கள். தியானம் செய்தபோது வலியின் அளவு 40 சதவீதம் குறைந்ததாக அவர்கள் கூறினர். வலியால் வந்த தொல்லையோ 57 சதவீதம் குறைந்தது. அதாவது, இரண்டாம் அம்பு கூடுதலாக மழுங்கியது!

அறிவியலின் தராசில்

இங்கே நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கபாட்-ஜின் 1982இல் 51 வலி நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களில் 65 சதவீதத்தினருக்கு வலி மூன்றில் ஒரு பங்காவது குறைந்திருந்தது. நல்ல செய்திதான். ஆனால் பயிற்சி பெறாத ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை. காலப்போக்கில் தானாகவே குறைந்திருந்தால்? யாரோ அக்கறையோடு பேசியதாலேயே குறைந்திருந்தால்? கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

பின்னர் செம்மையான சோதனைகள் வந்தன. மனச்சோர்வு நோயிலிருந்து மீண்ட 145 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்த ஆய்வு 2000இல் வெளியாயிற்று. மூன்று முறையோ அதற்கு மேலோ நோய் கண்டவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 66 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. பயிற்சியும் சேர்த்துப் பெற்றோரில் 37 சதவீதத்தினருக்கே திரும்பியது. ஆனால் இரண்டே முறை நோய் கண்டவர்களுக்குப் பயன் தெரியவில்லை. 2014இல் 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் ஓரளவு பயன் உண்டு என்று தெரிந்தது. உடற்பயிற்சியையோ மருந்தையோ விட இது மேலானது என்பதற்குச் சான்று இல்லை.

எட்டு வாரத்தில் மூளையின் அமைப்பே மாறுகிறது என்று 2011இல் ஒரு சிறு ஆய்வு சொன்னது, செய்தித்தாள்கள் கொண்டாடின. 2022இல் மேலும் பலரை வைத்துச் சோதித்தபோது அந்த மாற்றம் காணப்படவில்லை.

உங்களைப் போன்ற மாணவர்களுக்கு? ஐக்கிய இராச்சியத்தில் 85 பள்ளிகளில் 8000க்கு மேற்பட்ட மாணவர்களிடம் நடத்திய ஆய்வின் முடிவும் 2022இல் வந்தது. வகுப்பு முழுவதற்கும் பாடமாக நடத்தியதால் மாணவரின் மனநலம் கூடிவிடவில்லை. பெரும்பாலோர் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. தேடிச் சென்று கற்பதும், மணி அடித்ததும் உட்கார வைத்துக் கற்பிப்பதும் ஒன்றல்லவே!

இன்னொரு செய்தி. நீண்ட நேரத் தியானத்தில் பழைய துன்பங்கள் மேலெழுந்து, சிலருக்குக் கலக்கம் உண்டாவதும் உண்டு. தாங்க முடியாத மனவருத்தம் உள்ளவர்கள் முதலில் மருத்துவரையோ நம்பிக்கையான பெரியவரையோ நாட வேண்டும். மருந்து உட்கொள்பவர்கள் தாமாக அதை நிறுத்தக் கூடாது.

கழித்தது என்ன? மிஞ்சியது என்ன?

ஊ பா கின் சொன்னதற்கு இப்போது திரும்புவோம். தலைவலிக்காக மட்டும் வராதே என்றார் அவர். வலிக்காகவே வாருங்கள் என்றது வூஸ்டர் மருத்துவமனை. பௌத்தத்தில் இந்தப் பயிற்சி ஒழுக்கத்தோடும் பிற உயிர்களிடம் அன்போடும் பிணைந்தது. பேராசையும் வெறுப்பும் அறுபடுவதே குறிக்கோள். அவற்றைக் கழித்துவிட்டு, அலுவலகத்தில் இன்னும் கொஞ்சம் வேலை வாங்குவதற்கு மட்டும் இதைப் பயன்படுத்தினால், அது மரத்தை விட்டு ஒரு கிளையை மட்டும் எடுத்துவந்ததாகும் என்று சிலர் குறை கூறுகின்றனர். அந்தக் கிளையின் நிழலிலும் வலியால் வாடியவர் சிலர் இளைப்பாறினார்களே என்கின்றனர் மற்றவர்கள். இரண்டிலும் உண்மை உண்டு. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? நண்பர்களோடு விவாதித்துப் பாருங்கள்.

செய்து பாருங்கள்: நாளைக் காலை பல் துலக்கும்போது, துலக்குவதை மட்டும் கவனியுங்கள். மனம் எத்தனை முறை வெளியே ஓடுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் தொடருங்கள். எண்ணிக்கை குறைகிறதா, கூடுகிறதா? கூடினால் தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். முன்பும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. இப்போதுதான் நீங்கள் பார்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள்.