ஆளைக் குறைக்கும் முன் ஓடரின் செலவைக் கணக்கிடுங்கள்

"வியாபாரம் நடக்குது, கையில காசுதான் நிக்குதில்ல." 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எமது வர்த்தகர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. கணக்காளராகத் தொழில் செய்யும் எனக்கு, இதற்குப் பெரும்பாலானோர் காணும் முதல் தீர்வும் தெரியும். வேலை செய்யும் ஒருவரை நிறுத்துவதே அது.

எனது பெரியப்பாவின் மகனும் அப்படித்தான் நினைத்தார். சுற்றுவட்டாரச் சில்லறைக் கடைகளுக்கு பிஸ்கட், சோப், தேயிலை போன்றவற்றை மொத்தமாக விநியோகிப்பவர் அவர். "தம்பி, மூணு பேருக்குச் சம்பளம் குடுத்துக் கட்டாது. சின்னவன நிப்பாட்டத்தான் வேணும்" என்றார். "நானா, ஒரு கிழமை பொறுங்க. ஒரு ஓடருக்கு என்ன செலவாகுது என்று முதல்ல பார்ப்போம்" என்றேன்.

வருட இறுதிக் கணக்கில் சம்பளம், வாடகை, எரிபொருள் ஆகியவற்றின் மொத்தத் தொகைகள் இருக்கும். ஆனால் ஒரு ஓடர் தொலைபேசியில் வந்தது முதல் கடையில் இறக்கப்படும் வரை என்ன செலவாகிறது என்பது அதில் இருக்காது. அதை அறிய, வேலை நடக்கும் வழியைப் படிப்படியாக வரைய வேண்டும். அதற்கென்றே மென்பொருட்கள் இருக்கின்றன. டயகிராம்ஸ் டொட் நெட் இலவசமானது. அதில் வரையலாம், கணக்கை எக்செலில் செய்துகொள்ளலாம். பிசாகி மொடலர் போன்றவற்றில் நேரத்தையும் செலவையும் கொடுத்து ஒத்திகையே பார்க்கலாம்.

வரையும் முறை இலகுவானது. ஆரம்பத்திற்கும் முடிவிற்கும் வட்டம், வேலைக்குச் செவ்வகம், 'ஆம், இல்லை' என்று வழி பிரியும் இடத்திற்குச் சாய்சதுரம். ஒவ்வோர் ஊழியருக்கும் தனித் தடம். பிபிஎம்என் எனப்படும் இந்தக் குறியீட்டு முறை 2013இல் சர்வதேச நியமமாகவும் ஏற்கப்பட்டது.

அடுத்தது, ஒரு நிமிடத்தின் விலை. இதற்கு ரொபர்ட் கப்லன், ஸ்டீவன் அன்டர்சன் ஆகியோர் 2004இல் எழுதிய முறையைப் பின்பற்றினேன். இலகுவாக விளங்க, முழு எண்களாகத் தருகிறேன். ஒருவரின் சம்பளம் 50,000 ரூபா. முதலாளி செலுத்தும் ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், அதாவது 6,000 ரூபா. ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம், அதாவது 1,500 ரூபா. மொத்தம் 57,500 ரூபா. மாதம் 25 நாட்கள், நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் என்றால் 12,000 நிமிடங்கள். தேநீர், தொழுகை, ஓய்வு போக 80 வீதமே உண்மையான வேலை நேரம் என்று கொண்டால் 9,600 நிமிடங்கள். ஆக, ஒரு நிமிடம் ஏறத்தாழ 6 ரூபா.

ஒரு கிழமை மணிக்கூட்டைப் பார்த்து எழுதினோம். ஓடர் எடுக்க 5 நிமிடம், கையிருப்புப் பார்க்க 12, பில் போட 6, பொதி செய்ய 13, ஏற்ற 4. மொத்தம் 40 நிமிடம், 240 ரூபா. முச்சக்கரவண்டிச் செலவில் ஓர் ஓடரின் பங்கு 200 ரூபா. ஆக 440 ரூபா. சராசரி ஓடர் 7,000 ரூபா, அதில் 8 வீத இலாபம் 560 ரூபா. இதுவரை 120 ரூபா மிச்சம்.

ஆனால் படத்தில் ஒரு சாய்சதுரம் இருந்தது: 'கேட்ட சாமான் சரியாகப் போனதா?' பத்தில் மூன்று ஓடர்கள் 'இல்லை' பக்கம் போயின. மீண்டும் தொலைபேசி, மீண்டும் பில், இன்னொரு பயணம். அதற்கு 50 நிமிடமும் 200 ரூபா வண்டிச் செலவுமாக 500 ரூபா. பத்து ஓடருக்கும் பகிர்ந்தால் ஓடருக்கு 150 ரூபா. செலவு 590 ஆகிறது, வரவு 560. ஒவ்வோர் ஓடரிலும் 30 ரூபா நட்டம். மாதம் 400 ஓடர்கள் என்றால் 12,000 ரூபா. கடை வாடகையும் மின்கட்டணமும் இதில் இன்னும் சேரவில்லை.

பிழை எங்கிருந்து வந்தது? கையிருப்புக் கொப்பியில் இருந்த சாமான் ஸ்டோரில் இல்லை. தெரிந்தவர்கள் வந்தால் நானாவே கொப்பியில் எழுதாமல் எடுத்துக் கொடுத்துவிடுவார். ஓடர் போகும் நேரம் சின்னவன் இருப்பதைக் கொண்டு சமாளிப்பான். படத்தை நெடுநேரம் பார்த்த நானா, "அப்ப பிழை என்ட கையிலயா?" என்று கேட்டார்.

ஆளை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 400 ஓடருக்கு 16,000 நிமிடம், பிழை திருத்த 6,000 நிமிடம், மொத்தம் 22,000. இரண்டு பேரிடம் இருப்பது 19,200 நிமிடம்தான். வேலை தேங்கி, பிழை இன்னும் கூடியிருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பிழைகள் முற்றாக நின்றாலும் ஓடருக்கு 150 ரூபாவும் உடனே கைக்கு வராது. வண்டிச் செலவில் மிஞ்சும் 60 ரூபாதான் உண்மையான காசு, மாதம் 24,000 ரூபா. மீதி 90 ரூபா ஊழியரின் நேரம். அந்த நேரத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்தினால்தான் அது பணமாகும். இப்போது எந்தச் சாமானும் எழுதாமல் வெளியே போவதில்லை. சின்னவன் காலையில் புதிய கடைகளுக்கு ஓடர் எடுக்கப் போகிறான்.

மென்பொருள் தானாக எதையும் கண்டுபிடிக்காது. நாம் கொடுக்கும் நேரம் பிழையென்றால் விடையும் பிழைதான். முதலாளி நினைவில் சொல்லும் நேரத்தை எழுதாமல், வேலை செய்பவரை அருகில் இருத்தி அளந்து எழுதுங்கள். முழு வியாபாரத்தையும் ஒரேயடியாக வரையவும் வேண்டாம். அதிகம் நடக்கும் ஒரு வேலையை மட்டும் எடுத்து, அதில் ஒரே வேலை இரண்டாம் முறை நடக்கும் இடத்தைத் தேடுங்கள். ஒருவரது சம்பளத்தில் கைவைப்பதற்கு முன்பு இந்த ஒரு கிழமை வேலையைச் செய்து பாருங்கள்.