ஓரெழுத்து வித்தியாசம் – 14
தடுக்கிற லெட்

மாவும் பூவும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருந்து, எழுத்தில் மட்டும் பிரிந்த கதை போன வாரத்தோடு முடிந்தது. இந்த வாரம் ‘இன்ஜீனியஸ்’, ‘இன்ஜெனுவஸ்’ என்று சொல்லியிருந்தேன். குறுக்கே பாஸ்போர்ட் வந்துவிட்டது.

புதுப்பிக்கலாமென்று எடுத்தபோது, குடியரசுத் தலைவர் பெயரால் உள்ளே அச்சிட்டிருக்கும் வேண்டுகோள் கண்ணில் பட்டது. இதை வைத்திருப்பவரை ‘லெட்’டோ ‘ஹிண்ட்ரன்ஸோ’ இல்லாமல் போகவிடுங்கள் என்கிறது. ஹிண்ட்ரன்ஸ் என்றால் தடை, சரி. லெட் என்றால் விடுவதல்லவா? விடாமல் விடு என்றா ஓர் அரசாங்கம் எழுதிக் கொடுக்கும்?

இது வேறு லெட். பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைச்சொற்கள் இருந்தன. ஒன்றுக்கு ‘விடு’, மற்றதற்குத் ‘தடு’ என்று பொருள். தடுக்கிற லெட், தாமதத்தைக் குறிக்கும் ‘லேட்’டுக்கு நெருங்கிய சொந்தம், ஒருவனைத் தாமதப்படுத்துவதுதானே தடுப்பது! காலப்போக்கில் விகுதிகள் தேய்ந்து, இரண்டும் அதே மூன்றெழுத்தில் வந்து நின்றன. விடு, தடு என்று நமக்காவது ஓரெழுத்து மாறுகிறது. அவர்களுக்கு அதுவும் இல்லை.

ஷேக்ஸ்பியர் காலத்தில் இரண்டுமே புழக்கத்தில் இருந்தன. தந்தையின் ஆவியைப் பின்தொடரப் பார்க்கும் ஹாம்லெட்டை உடனிருப்பவர்கள் பிடித்து நிறுத்துகிறார்கள். தன்னை ‘லெட்’ பண்ணுகிறவனைக் கொன்றுவிடுவேன் என்று அவன் கத்துகிறான். இன்றைய பொருளில் படிக்கிற மாணவன் விழிக்கத்தான் செய்வான்: போகவிடுகிறவனை எதற்குக் கொல்ல வேண்டும்? 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளிலும் இந்தச் சங்கடம் உண்டு. பலமுறை வர நினைத்தும் ‘லெட்’ செய்யப்பட்டதாகப் பவுல் ரோமாபுரியாருக்கு எழுதுகிறார். பிற்கால மொழிபெயர்ப்புகள் அங்கே தடையைக் குறிக்கும் வேறு சொல்லைப் போட்டுக்கொண்டன.

எதிரெதிர்ப் பொருளில் இருவர் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தால் ஒருவர் வெளியேறத்தான் வேண்டும். தடுக்கிற லெட் வெளியேறியது. ஆனால் வக்கீல்கள் அதை விடவில்லை. ஒரே பொருளுள்ள இரண்டு சொற்களைச் சேர்த்து எழுதினால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும். ஆங்கிலத்தில் எழுதிய நம்மூர்க் கிரயப் பத்திரங்களிலும் இந்த ‘லெட்’ இருக்கும். பணம் கொடுத்து வாங்கியவர் படித்திருக்க மாட்டார்.

இன்னொரு புகலிடம் டென்னிஸ். சர்வீஸ் போட்ட பந்து வலையில் உரசிவிட்டுச் சரியான கட்டத்தில் விழுந்தால் நடுவர் ‘லெட்’ என்பார். மறுபடி போட வேண்டும். அங்கேயும் பொருள் தடைதான். வலையில் பட்டதால் ‘நெட்’ என்கிறார் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர்.

நம் தெருக்களில் தொங்கும் ‘டு லெட்’ பலகை மற்ற லெட்டைச் சேர்ந்தது. பேச்சிலருக்குக் கிடையாது, அசைவம் கூடாது, ராத்திரி பத்து மணிக்குக் கேட் பூட்டப்படும் என்று அடுக்குகிற ஹவுஸ் ஓனர்களைப் பார்த்தால் பழைய பொருள்தான் பொருத்தமாகப் படுகிறது.

இடம் தீர்ந்துவிட்டது. இன்ஜீனியஸ் என்றால் சாமர்த்தியசாலி. இன்ஜெனுவஸ் என்றால் கள்ளமற்றவர். சாமர்த்தியத்தைக் குறிக்க இன்று சொல்கிற ‘இன்ஜெனுயிட்டி’, பிறப்பால் கள்ளமற்றவர் வீட்டுச் சொத்து. சாமர்த்தியசாலி அதை எப்படி அபகரித்தார் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)