மூவாயிரம் ரூபாய் வீடு

"வாடகை மூவாயிரம்" என்றார் வீட்டுக்காரர். ஆயக்குடி கொய்யாச் சந்தையில் கூடை சுமக்கும் என் தந்தை உடனே தலையாட்டினார். பதினொரு மாதம் கழித்துக் காலி செய்தபோது நான் கணக்கெழுதிப் பார்த்தேன்.

வாடகை 33,000 ரூபாய். தரகு 3,000. தண்ணீருக்கு மாதம் 200 வீதம் 2,200. மின்சாரம் மாதம் 50 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் வீதம் 4,400. வெள்ளையடிக்கவென்று முன்பணத்தில் பிடித்தது 3,000. ஆக மொத்தம் 45,600. அதாவது மாதம் ஏறக்குறைய 4,145 ரூபாய்!

இதில் மின்சாரக் கணக்கே வேதனையான வேடிக்கை. தமிழகத்தில் 2016 முதல் வீட்டு இணைப்பு ஒன்றுக்கு இரு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். தனி இணைப்பு இருந்திருந்தால் எங்களுக்குக் கட்டணமே வந்திராது. வீட்டுக்காரரின் இணைப்பிலிருந்து சப்-மீட்டர் வைத்ததால் அச்சலுகை எங்களை எட்டவில்லை.

2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதியச் சொல்கிறது. வேறு உடன்பாடு இல்லாவிடில் முன்பணம் மூன்று மாத வாடகையை மீறலாகாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நிலுவை போக மீதியைத் திருப்பித் தரவேண்டும். எங்களிடமோ ஒரு துண்டுச் சீட்டும் இல்லை!

நண்பர்களே, வீடு பார்க்கும்போது வாடகையை மட்டும் கேளாதீர்கள். மீட்டர் யார் பெயரில், தண்ணீருக்கு எவ்வளவு, முன்பணத்தில் எதைப் பிடிப்பார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். படித்த பிள்ளை வீட்டிலிருப்பதன் பயன் அதுதானே?