நிதானமும் நேசமும்

ஐதராபாத் நகரின் வடகிழக்கே குஷாய்குடா என்னும் பகுதி உள்ளது. 1967-ஆம் ஆண்டில் இந்திய எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பொரேஷன் அதன் அண்மையில் தோன்றியது; 1971-இல் அணு எரிபொருள் வளாகமும் ஏற்பட்டது. சிறு தொழிற்கூடங்கள் பல சுற்றிலும் பெருகின. பிழைப்பு நாடிப் பல மாநிலத்தார் வந்து குடியேறினர். அவர்களுள் தமிழரும் உண்டு.

அத்தகைய குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தலைவருக்கு ஷிப்ட் வேலை. மாதம் பிறந்தால் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். குழந்தைகளின் பள்ளிச் சம்பளம் கட்ட வேண்டும். இவ்வாறு பத்து ஆண்டுகள் பறந்துவிடுகின்றன. ஓர் இரவு உறக்கம் வராமல் படுத்திருக்கையில், "நான் எதற்காக இவ்வளவு ஓடுகிறேன்?" என்ற வினா அவர் உள்ளத்தில் எழுகிறது. ஊரும் அந்நியமாகிவிட்டது, வந்த இடமும் சொந்தமாகவில்லை. இந்த வினாவை எளிதாகத் தள்ளிவிடலாகாது. விடை கிடைக்காத உள்ளம் நாளடைவில் வறண்டு போகும்.

விடை தேடுவோர் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பற்றுகின்றனர். ஒன்று, வேலையை இன்னும் அதிகமாக்கிக் கொண்டு வினாவையே மறப்பது. மற்றொன்று, கதவைச் சாத்திக்கொண்டு தனியே கவலைப்படுவது. இவ்விரண்டும் தெளிவு தருவதில்லை. அவசரத்தில் இருப்பவனுக்கு அடுத்த வேலை மட்டுமே கண்ணில் படுகிறது. தனிமையில் இருப்பவனுக்குத் தன் துயரம் மட்டுமே தெரிகிறது. சற்று நிதானித்துப் பிறரோடு பழகும்போதுதான், நம்மால் யாருக்கு என்ன பயன் என்பது புலப்படுகிறது. அதுவே நோக்கத்தின் தொடக்கம்.

இதற்குச் சான்றாகும் நிகழ்ச்சி ஒன்று, குஷாய்குடாவுக்கு அதிகத் தொலைவில்லாத செகந்திராபாத்தில் நடந்தது. அங்கே சோமசுந்தர முதலியார் என்னும் தமிழ்ப் பெருமகனார் 1862-இல் ஒரு பள்ளியை நிறுவினார். ஆறாம் நிஜாம் மகபூப் அலிகானின் பெயரைத் தாங்கிப் பின்னர் அது மகபூப் கல்லூரி எனப்பட்டது. 1893 பிப்ரவரி 13-ஆம் நாள் அங்கே முப்பது வயதுத் துறவி ஒருவர் ஆங்கிலத்தில் சொற்பொழிவாற்றினார். மேலைநாடு செல்லத் தாம் விரும்பும் காரணமே அவர் எடுத்துக்கொண்ட பொருள். அவர்தாம் சுவாமி விவேகானந்தர்.

அந்த மேடைக்கு அவர் வந்து சேர்ந்த வழி நெடியது. பல ஆண்டுகள் பாரத நாடெங்கும் சுற்றினார். அரசர் மாளிகையிலும் தங்கினார்; ஏழையின் குடிசையிலும் உண்டார். 1892 டிசம்பரில் கன்னியாகுமரிப் பாறையில் அமர்ந்து தியானம் செய்தார். அங்கே அவர் சிந்தித்தது தம் முக்தியைப் பற்றி மட்டுமன்று. வழியெல்லாம் கண்ட மக்களின் வறுமையையும் பற்றியது. மனிதரோடு பழகிய பழக்கமே அந்தத் தனிமைக்குப் பொருள் தந்தது.

பின்னர்ச் சென்னையில் அளசிங்கப் பெருமாள் முதலிய இளைஞர்கள் அவருடைய பயணத்துக்கு நிதி திரட்டினர். வேறொருவராயின் உடனே கப்பலேறியிருப்பார். சுவாமியோ தயங்கினார், அப்பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுமாறு சொன்னார். தம் விருப்பம்தான் தம்மை உந்துகிறதா, அல்லது அது மெய்யாகவே தம் கடமையா என்பது தெளிவாகும்வரை காத்திருந்தார்.

இந்நிலையில்தான் அவர் ஐதராபாத் வந்தார். செகந்திராபாத் மக்கள் ஏறத்தாழ நூறு பேர் பழமும் பாலும் இனிப்பும் ஏந்தி வந்து, கல்லூரியில் பேசும்படி வேண்டினர். சொற்பொழிவைக் கேட்க ஏறத்தாழ ஆயிரம் பேர் கூடினர். பெரும் சபையில் அவர் ஆற்றிய முதற் சொற்பொழிவுகளுள் அது ஒன்று. சென்னை திரும்பியபின் அளசிங்கர் வீடு வீடாகச் சென்று மீண்டும் நிதி சேர்த்தார். பெரும்பகுதி நடுத்தரக் குடும்பங்களிலிருந்து வந்தது. 1893 மே 31-ஆம் நாள் சுவாமி பம்பாயில் கப்பலேறினார். செப்டம்பர் 11-ஆம் நாள் சிகாகோவில் பேசினார். அப்பேச்சை உலகம் அறியும். அதற்குமுன் இருந்த காத்திருப்பையும், கதவைத் தட்டிக் காசு சேர்த்த கைகளையும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

"துறவிக்கு நேரம் உண்டு, குடும்பஸ்தனாகிய எனக்கு ஏது?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. நமக்கு ஆண்டுக்கணக்கில் அவகாசம் வேண்டுவதில்லை; வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். அந்த நேரத்தில் கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு மெல்ல நடந்து வரலாம். நோயுற்ற அண்டை வீட்டாரைக் கண்டு வரலாம். புதிதாக வேலைக்கு வந்து தனியே சமைத்து உண்ணும் இளைஞனை ஒரு வேளை உணவுக்கு அழைக்கலாம். எதிர்வீட்டுப் பெரியவரிடம் பிழையோடாயினும் தெலுங்கில் நான்கு வார்த்தை பேசலாம். தமிழரோடு மட்டும் கூடுவது பாதி உறவே. நாம் வாழும் மண்ணின் மக்களும் நமக்கு உறவினரே.

இவற்றால் வினா உடனே தீர்ந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆனால், "நான் எதற்காக ஓடுகிறேன்?" என்பது, "இன்று யாருக்கு நான் தேவைப்படுகிறேன்?" என்று மெல்ல மாறும். இதற்கு விடை நம் தெருவிலேயே கிடைக்கும். பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் மொழி. அயலூரில் வாழ்வோர் அதனோடு இன்னொன்றையும் நினைவிற் கொள்ளலாம்: செகந்திராபாத்தில் ஒரு தமிழர் பள்ளி எழுப்பியபோது, அங்கே பின்னாளில் யார் வந்து பேசுவார் என்பதை அவர் அறியார். தம்மைச் சுற்றியிருந்தோருக்குத் தேவையானதை அவர் செய்தார். நாம் செய்ய வேண்டுவதும் அவ்வளவே.